கட்-ஆஃப் 186: பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கணக்கில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 92. கணக்கு மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 186. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200க்கு 186 என்பது நல்ல மதிப்பெண்தான், ஆனால் நிம்மதி தரும் மதிப்பெண் இல்லை. 198 எடுத்த பிள்ளைக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கதவு திறக்கிறது. 120 எடுத்த பிள்ளைக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரிதான் என்று வீடு சமாதானமாகிவிடுகிறது. நடுவில் இருக்கிற 186க்குத்தான் மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை வீட்டில் தூக்கம் கெடுகிறது.

என் அக்கா மகனுக்கும் இதே 186தான் வந்தது. டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். "பேரு பெருசு மாமா, கம்பெனி எல்லாம் வரும்" என்றான் அவன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நகையை வச்சாவது சேத்துடலாமா தம்பி?" என்று கேட்டாள். அப்போது கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

நகையை வைத்துப் படிக்கவைப்பது என்றதும் நம்மூரில் எல்லோருக்கும் அப்துல் கலாம்தான் நினைவுக்கு வருவார். குரோம்பேட்டை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லித்தான் பல வீடுகளில் கடன் முடிவாகிறது. ஆனால் அந்த 1,000 ரூபாய் எதை வாங்கியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். எம்ஐடி தொடங்கப்பட்டது 1949இல். கலாம் போய்ச் சேர்ந்தபோது அதற்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. கிண்டிக் கல்லூரியோ 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது. பேரும் பெருமையும் அங்கேதான் இருந்தன. எம்ஐடியிடம் இருந்தது வேறு எங்கும் எளிதில் கிடைக்காத விமானப் பொறியியல் படிப்பு. பழைய விமானங்கள் இரண்டைக் கல்லூரியிலேயே காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். அந்த அக்காவின் நகை ஒரு படிப்புக்காக அடகுக்குப் போனது. கல்லூரியின் பெயர் பிற்பாடு அவரைப் போன்றவர்களால் வந்தது.

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். "செலவா, பேரா" என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பாதிதான் சரி. உச்சியில் இருக்கிற கல்லூரிகளில் பேரும் குறைந்த செலவும் சேர்ந்தே இருக்கின்றன. கிண்டி, ஏ.சி. டெக், எம்ஐடி ஆகிய அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), காரைக்குடி அழகப்பா, சேலம், திருநெல்வேலி, வேலூர், பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிகள் என எதிலும் கட்டணம் குடும்பத்தை முறிக்கிற அளவில் இல்லை. மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகமான திருச்சி என்ஐடியில் கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். கேட்டதும் மிரளத் தோன்றும். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் அது முழுவதும் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடியாகி 41,000 சொச்சம்தான் மிஞ்சும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. மொத்த இடங்களில் பாதி நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. இது தெரியாமல், "அங்கெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று அதற்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பமே போடாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கோவையின் பிஎஸ்ஜி, சிஐடி, மதுரை தியாகராசர் போன்றவற்றில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். கலந்தாய்வுப் பட்டியலில் பாடத்தின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கல்லூரியும் வாத்தியார்களும் பட்டமும் அதேதான், கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். அண்ணா பல்கலைக்கழக வளாகங்களிலும் சில பாடங்களுக்கு இப்படி உண்டு. வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் கட்டணம் கட்டப் போகும் நாளில்தான் திகைத்து நிற்கிறார்கள்.

ஆக, உண்மையான சிக்கல் உச்சியில் இல்லை. 150க்கும் 188க்கும் நடுவே இருக்கிற பெருங்கூட்டத்தில்தான் இருக்கிறது. 1984 வாக்கில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது முதல் கதை மாறியது. பொறியியல் இடம் என்பது எட்டாக்கனியாக இருந்த நிலை போய், 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் வந்துவிட்டன. 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்ததும் எந்த ஊர்ப் பிள்ளையும் மதிப்பெண் வரிசையில் நின்று இடம் எடுக்க முடிந்தது. மாநில அரசின் நுழைவுத் தேர்வு 2007இல் போனது. 2018 முதல் கலந்தாய்வே இணைய வழி. இந்த வரிசையில் கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குத் தனியார் கல்லூரியில்கூடக் கட்டண வரம்பு உண்டு. 2017இல் கட்டண நிர்ணயக் குழு விதித்தது: ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள பாடத்துக்கு 55,000. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. அதற்கு மேல் எந்தப் பெயரில் நன்கொடை வாங்கினாலும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடைமுறையில் பேருந்து, தேர்வு, பயிற்சி என்று வேறு வேறு தலைப்புகளில் தொகை கூடும். வீட்டிலிருந்தே போய்வந்தால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். விடுதி என்றால் அது தனி.

டீம்டு பல்கலைக்கழகங்கள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவை தாமே தேர்வு வைக்கும், தாமே கட்டணம் வைக்கும். விஐடி போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு வரிசையைப் பொறுத்துக் கட்டணமே ஐந்து வகை. முதல் வகைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் என்றால், கடைசி வகைக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அதாவது, ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாடம் படிக்கிற இருவர் கட்டுகிற பணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். முதல் வகையில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அது நல்ல தேர்வாகவே இருக்கலாம். ஐந்தாம் வகையில் கிடைத்த பிள்ளையின் வீடு இன்னொரு முறை கணக்குப் போட வேண்டும்.

இதில் காலம் ஒரு பெரிய வேலை செய்கிறது. கலந்தாய்வு நடப்பது ஜூலை, ஆகஸ்டில். தனிச் சேர்க்கைகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். பிளஸ் டூ முடிவு வருவதற்குள், "இன்னும் சில இடங்கள்தான் இருக்கின்றன, முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். என்ன மதிப்பெண் வருமோ என்ற பயத்தில் இருக்கிற அப்பா அம்மா கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகு, "போட்ட பணம் போய்விடுமே" என்ற எண்ணமே முடிவெடுத்துவிடுகிறது. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் சிறு தொகை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) ஆகியவற்றின் விதி. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சலுகைகள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவுக்குக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. அந்த வழியில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவை இரண்டும் கலந்தாய்வு இடத்தோடு ஒட்டியவை. கலந்தாய்வைத் தாண்டிப் போய் நிர்வாக ஒதுக்கீட்டிலோ டீம்டிலோ சேரும் குடும்பம் அதிகக் கட்டணம் கட்டுவதோடு, கையில் இருந்த சலுகையையும் கீழே போட்டுவிட்டுப் போகிறது.

இனி, பேர் என்பது என்ன? நான் பார்த்தவரை அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன. வாசல் வரை வரும் நிறுவனங்கள் முதலாவது. வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு 400 கல்லூரிக்கும் போக நேரமில்லை, 30க்குப் போவார்கள். அந்த 30க்குள் இருந்தால் தேர்வு எழுதும் வாய்ப்பாவது கிடைக்கும். இது உண்மையான பயன். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் இரண்டாவது. நன்றாகப் படிக்கிற, போட்டிகளுக்குப் போகிற, சீனியரைப் பிடித்து இன்டர்ன்ஷிப் வாங்குகிற கூட்டத்தில் இருந்தால் சராசரிப் பிள்ளையும் உயரும். இதுவும் உண்மையான பயன்தான். மூன்றாவது விளம்பரம். நெடுஞ்சாலைப் பலகையும், தொலைக்காட்சி நிகழ்ச்சியும், கண்ணாடிக் கட்டடமும். கல்யாண வீட்டில் சொன்னால் நாலு பேர் புருவம் உயர்த்துவார்கள். பல வீடுகள் லட்சங்களைக் கொடுப்பது இந்த மூன்றாவதுக்கு, முதல் இரண்டும் இதில் அடங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில்.

அமெரிக்காவில் ஆலன் குரூகர், ஸ்டேசி டேல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை 2002இல் வெளியிட்ட ஆய்வில் அலசினார்கள். பெரிய பேர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் வேறு இடத்தில் படித்தவர்களையும், போய்ச் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளையின் திறமையும் முனைப்பும்தான் சம்பளத்தைத் தீர்மானித்தன. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வசதி குறைந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு நல்ல கல்லூரி உண்மையிலேயே தூக்கிவிட்டது. காரணம் யோசித்தால் புரியும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்குக் கல்லூரி கொடுக்கும் அறிமுகம்தான் முதல் அறிமுகம். அமெரிக்க நிலவரம் அப்படியே இங்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் என் எண்ணத்தை அது மாற்றியது. பேர் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள்தான் அதற்காகக் கடனில் விழக் கூடாதவர்களும். அதனால்தான் அரசுக் கல்லூரியும் என்ஐடியும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அவ்வளவு முக்கியம். அங்கே பேர் கிடைக்கிறது, கடன் இல்லை. ஊர் தூரம் என்றாலும் போகச் சொல்லுங்கள்.

கடன் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 10 லட்சம் கல்விக் கடன், 10 விழுக்காடு வட்டி. படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண வட்டியாகவே வைத்தாலும் 3.5 லட்சம் சேர்ந்து 13.5 லட்சமாகிவிடும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 17,800 ரூபாய் தவணை. கூட்டமாக ஆள் எடுக்கும் ஐடி நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் அளவிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவது 25,000. தவணை போக மிஞ்சும் 7,200 ரூபாயில் சென்னையில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும். அதே கணக்கை ஆண்டுக்கு 1 லட்சம் செலவாகும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் போட்டால் தவணை 7,100 ரூபாய்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல், பத்து ஆண்டுகளுக்கு. 22 வயதில் பிடித்த வேலைக்காக ஆறு மாதம் காத்திருப்பதா, எம்.டெக் படிப்புக்கும் பொதுத்துறை வேலைக்கும் உதவும் கேட் தேர்வுக்குப் படிப்பதா, தங்கையின் படிப்புக்குக் கொடுப்பதா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்தத் தவணையே பதில் சொல்லிவிடும்.

கடன் தவிர்க்க முடியாதது என்றால், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தவணை விலக்குக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. 4 லட்சம் வரை வங்கிகள் குடும்பத்தின் பங்குத் தொகையோ சொத்துப் பிணையோ கேட்பதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடனும், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கல்லூரி சொல்லும் ப்ளேஸ்மென்ட் எண்களை எப்படிப் படிப்பது? '44 லட்சம் பேக்கேஜ்' என்று பேனரில் போட்டிருந்தால் அது ஒரே ஒரு பிள்ளையின் கதை. சராசரியும் ஏமாற்றும், ஏனென்றால் அந்த ஒரு பிள்ளை சராசரியையே மேலே இழுத்துவிடும். கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்பது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அந்த எண்ணையும், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதையும் சமர்ப்பிக்க வேண்டும், தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். தரவரிசை எண்ணைவிட எனக்கு இந்தத் தாள்தான் பெரிது. விளம்பரத்தில் ஒரு எண்ணும் இந்தத் தாளில் வேறு எண்ணும் இருந்தால் தாளை நம்புங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவத்தேர்வுவாரியாக வெளியிடுகிறது. பாதிப் பேர் அரியர் வைக்கிற கல்லூரியில் நிறுவனம் வந்தாலும் உட்காரத் தகுதி இருக்காது. என்பிஏ அங்கீகாரம் பாடத்துக்குத்தான், கல்லூரிக்கு இல்லை. 'என்பிஏ பெற்றது' என்று வாசலில் எழுதியிருந்தாலும் உங்கள் பிள்ளை சேரும் பாடத்துக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஆசிரியர் விஷயத்தில் தாளை மட்டும் நம்பவும் முடியாது. 2024இல் ஊழலுக்கு எதிரான அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆதாரங்களில், ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் வந்தன. எனவே, ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டாம், வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். உன் பாடத்துக்கு எத்தனை சார் இருக்காங்க, போன வருஷம் உன் கிளாஸ்ல எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தது? ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

பாடமா, கல்லூரியா என்பது அடுத்த சண்டை. ஒரு பாடத்துக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டில் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் உறவுப் பெயர்களும் ஒரே கல்லூரியில் நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன. சிவில், மெக்கானிக்கல், மின்னியல் இடங்கள் சுருங்குகின்றன. அரசுக் கல்லூரியில் மின்னியலா, முகம் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்றால் நான் முன்னதைத்தான் சொல்வேன். ஐடி நிறுவனங்கள் பெரும்பாலும் பாடம் பார்ப்பதில்லை. என்டிபிசி, பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன, அங்கே கல்லூரிப் பேர் எடுபடாது. பிள்ளைக்கு நிரல் எழுதுவதில் உண்மையான ஆர்வம் இருந்தால் மட்டும் என் பதில் மாறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகனுக்கு மூன்று லட்சம் கட்டத் தயாராக இருக்கிற அதே வீட்டில், மகளுக்குக் கல்லூரி பஸ் எந்த ரூட்டில் வருகிறது என்பதை வைத்துக் கல்லூரி முடிவாகிறது. 190 எடுத்த பெண் அரசுக் கல்லூரி விடுதிக்குப் போகாமல், பத்து கிலோமீட்டரில் இருக்கிற, தேர்ச்சி விழுக்காடு மோசமான கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறாள். பாதுகாப்பு பற்றிய பயம் புரிகிறது. அப்படியானால் அந்த விடுதியை அம்மா ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கட்டும், அங்கே இருக்கிற பெண்களிடம் பேசட்டும். பார்க்காமலே இல்லை என்று சொல்வது அந்தப் பெண்ணின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

அக்கா வீட்டில் கடைசியில் ஒரு இரவு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் எண்பதுக்கு மேல் போயிற்று. மேலே அரசுக் கல்லூரிகள், எந்த ஊராக இருந்தாலும் சரி, அவன் ஒத்துக்கொண்ட மூன்று பாடங்களில். அதற்குக் கீழே உதவி பெறும் பிரிவுகள். அதற்கும் கீழே, இடைநிலைச் சம்பளத் தாளைப் பார்த்துத் தேர்ந்த தன்னாட்சிக் கல்லூரிகள். 'எஸ்எஸ்' எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனே நிறுத்தி, "மாமா, இது கீழ போகட்டும்" என்றான். முதலில் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே இடம் வந்தால் நகர்த்தச் சொல்லும் வாய்ப்பைத் தட்டினோம். நகர்ந்தது. ஐந்து மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிற ஒரு அரசுக் கல்லூரி, மின்னியல். அவனுக்கு முதல் பருவம் முழுக்க வருத்தம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தீபாவளிக்கு வந்தபோது, டீம்டில் சேர்ந்த நண்பனின் வளாகப் படங்களைக் காட்டினான். பொங்கலுக்கு வந்தபோது, சீனியர் ஒருவர் கேட் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்ததாகச் சொல்லி, ஒரு பை நிறையக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினான்.